சனிக்கிழமை விண்கல்

நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரிகிற வாசம், எந்த வீட்டு ஜன்னலிலிருந்து வந்தாலும் எனக்கு வானம்தான் ஞாபகத்துக்கு வரும். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், பல்கலைக்கழகத்தில் நானும் என் சிநேகிதன் ஒருவனும் ஆராய்ச்சி மாணவர்கள். அவன் சமயநல்லூரில், வயலும் எண்ணெய்ச் செக்கும் உள்ள ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை. சூரியன் பிறந்த நாளிலிருந்து உருகாமல் வேகாமல் பச்சையாகவே சுற்றும் ஒரு சிறுகோள். அதிலிருந்து விழுந்த கல்லில் நகக்கண் அளவு துணுக்கை, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் கெஞ்சி வாங்கி வந்திருந்தார் எங்கள் பேராசிரியர்.

அதில் துளி பொடித்து, உப்போடு கலந்து அழுத்தினால் நெற்றிப்பொட்டு மாதிரி ஒரு வில்லை வரும். அதற்குள் அகச்சிவப்பு ஒளியை விடுவோம். உள்ளே இருக்கிற பொருள் தனக்குப் பிடித்த ஒளியை விழுங்கிவிடும். விழுங்கிய இடத்தில், காகிதத்தில் ஓடும் பேனா பள்ளமாக இறங்கும்.

அவனுக்கு இறங்கியது. கரியும் ஹைட்ரஜனும் கைகோத்திருந்தால் எங்கே இறங்குமோ அதே இடத்தில், இரண்டு தடவை. உயிர் உண்டாவதற்கு முந்திய சரக்கு, அம்புட்டு தூரத்திலிருந்து வந்திருக்கிறது என்று சோறு தண்ணி இல்லாமல் அலைந்தான். திங்கட்கிழமைத் தபாலில் வடக்கே எழுதிவிடுவதாகப் பேராசிரியரும் சொல்லிவிட்டார்.

மூன்றாவது காகிதம் ஒன்று இருந்தது. அதில் பள்ளமே இல்லை. லோ வோல்டேஜ் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சும்மா கேலிக்குத்தான் மூன்றையும் விரித்தேன். மூலையில் அவன் கையாலேயே கிழமை எழுதியிருந்தான். சனி, புதன், சனி. பள்ளமில்லாதது புதன். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் செய்வதுபோல, மிளகு சீரகம் பொரித்த எண்ணெய் தேய்த்துக் குளித்து, சீயக்காயை அரைகுறையாக அலசிவிட்டு, பரோட்டாக்கல் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றான். யோசனை வந்தால் தலையைக் கோதுவான். கோதிய விரலாலேயே வில்லையை எடுப்பான். இடுக்கி பக்கத்திலேயே கிடக்கும்.

கல்லே போடாமல், வெறும் உப்பில் ஒன்று செய்யச் சொன்னேன். செய்தான். பேனா சமத்தாக ஓடி வந்து, அதே இடத்தில் கிணறு வெட்டியது. தலையெண்ணெயிலும் கைகோத்திருப்பது அதே கரியும் ஹைட்ரஜனும்தான்.

"உங்க வீட்டுச் செக்கு வானத்துலயா மாப்ள ஓடுது?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும் என்றான். நான் அந்த நாலாவது காகிதத்தையும் மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தேன். பிறகு அவனே நான்கு காகிதங்களையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பேராசிரியர் வீடு திருப்பரங்குன்றத்தில்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து, உன் சீப்பையும் கட்டுரையில் ஒரு ஆசிரியராகச் சேர்த்துவிடு என்று சீண்டிக்கொண்டே போனேன். உதட்டோரம் லேசாகக் கோணியது. பஸ் வந்தது. அவரிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

படியில் கால் வைத்தபடியே திரும்பினான்.

"கல்லுல ஒண்ணுமில்லைன்னு சொல்ல மாட்டேன் மாப்ள. புதன்கெழம நெசமாவே வோல்டேஜ் கம்மி, சனிக்கெழம பூரா எண்ணெய். இன்னும் கல்லையே பாக்கலைன்னு சொல்லுவேன். திட்டுனா திட்டட்டும். வாரேன்."