என் பஸ் தெலுங்கும் ஞாயிற்றுக்கிழமை மைக்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்தான்.

நான். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கவிதை நிகழ்ச்சி நடத்துகிறவன். இந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்கே சந்தேகம்தான்.

என் வீட்டுக்காரி. டீக்கடை அவளுடையது. நிகழ்ச்சி நடக்கும் தகரக் கொட்டகை கடையை ஒட்டி இருக்கிறது. "நான் கவிதைக்கு வரல, கல்லாவுக்கு வந்துகிறேன்" என்று எல்லாரிடமும் சொல்வாள்.

ஃபோர்க்லிப்ட் டிரைவர் ஒருவன். கல்யாணமாகிப் போய்விட்ட ஒரு பெண்ணுக்கு வாராவாரம் கவிதை எழுதுகிறவன்.

ஆந்திரா பக்கம் சூளூர்பேட்டைக்காரர்கள் இரண்டு பேர். இரும்பு மில்லில் வேலை. தெலுங்கில் யார் என்ன சொன்னாலும் "ஆஹா" என்பார்கள். தமிழில் சொன்னால் பிஸ்கட் தின்பார்கள்.

பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டி. டியூட்டி நேரம், அதனால் அவர் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு வராமல் இருந்தார்.

ஓ.டி. முடிந்து கால் நீட்ட இடம் தேடி வந்தவர்கள் சிலர்.

பேக்கிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி. பிறந்தது தடா பக்கம், தெலுங்கு வீடு. வாக்கப்பட்டது எளாவூர், தமிழ் வீடு. தினமும் என் பஸ்ஸில் வருகிறவள்.

அவள் புருஷன். அவன் உள்ளே வரவில்லை. வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

இந்தக் கூத்து போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. சென்னையில் ஏசி போட்ட காபிக் கடை. ஒருவன் மைக் முன்னால் நின்று கவிதை சொல்கிறான். சுற்றி இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். ஓப்பன் மைக் என்று பெயராம். யார் வேண்டுமானாலும் பேசலாமாம். இதில் என்ன கஷ்டம், என்னிடம்தான் மைக் இருக்கிறதே என்று நினைத்தேன். மைக் இருந்தது. மற்றது எதுவும் இல்லை.

எங்கள் தொழிற்பேட்டையில் வேலைக்கு வருகிறவர்களில் தெலுங்குக்காரர்களும் நிறைய. அதனால் ஒரு ரூல் போட்டேன். தமிழில் சொன்னதைத் தெலுங்கில் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான்தான். பார்டரில் இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவனுக்குத் தெலுங்கு வராதா என்று பீற்றிக்கொண்டேன். எனக்கு வந்த தெலுங்கு எக்கு, திகு, ஜரிகி கூர்ச்சோ. ஏறு, இறங்கு, தள்ளி உட்கார். ஃபோர்க்லிப்ட்காரனின் காதலை இந்த மூன்றில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது ரூல் நேரம். அதுவும் ஃபோர்க்லிப்ட்காரனால் வந்தது. மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். அந்த வாரம் பழைய இரும்புக் கடையில் ஒரு பஸ்ஸர் கிடைத்தது. மூடிப்போன ஏதோ கம்பெனியின் பஸ்ஸர். ஆளுக்கு ஐந்து நிமிஷம், அதற்கு மேல் போனால் பஸ்ஸர் என்று வைத்தேன். பட்டனை வீட்டுக்காரியிடம் கொடுத்தேன்.

"யாருன்னு பாக்காத. அஞ்சு நிமிசம் ஆச்சின்னா அமுக்கு."

"உன்னையுமாயா?"

"என்னையும்தான்."

"இதுக்கோசரமே அமுக்கறேன்."

நிகழ்ச்சிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, எளாவூரில் இறங்கும்போது பேக்கிங் பெண் படியிலேயே நின்றாள்.

"அண்ணா, திங்கக்கெழமலேந்து நான் வரமாட்டேன்."

"இன்னாமா ஆச்சு?"

"ஊட்டுல வேலைய உட்டு நிக்கச் சொல்லிட்டாங்க. கொழந்தைய யாரு பாத்துக்கறதுன்னு கேக்கறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? தமிழ்ல சண்ட போட்டா நான் தோத்துப் பூடறேன். தெலுங்குல போட்டா அவருக்குப் புரியல."

பின்னால் இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் நகரவில்லை.

"நாளிக்கி மைக்ல நான் தெலுங்குல சொல்றேன். நீங்க தமிழ்ல சொல்லுங்கண்ணா. அவருதான் இட்டுகினு வருவாரு. உள்ள வரமாட்டாரு, வெளிய ஒக்காந்துகினு இருப்பாரு. அவரு காதுல வுழணும்."

"வுழ வெச்சிடலாம்மா" என்றேன். பெரிய வக்கீல் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் பாக்ஸை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அவள் எழுந்து வந்தாள். கையில் பேப்பர் இல்லை. தெலுங்கில் ஆரம்பித்தாள். நீளமாக ஒன்று சொல்லி நிறுத்தினாள். சூளூர்பேட்டைக்காரர்கள் இரண்டு பேரும் "ஆஹா" என்றார்கள். இந்தத் தடவை நிஜமான ஆஹா. ஒருவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"டப்பா போவுது" என்றேன். "நான் போவல."

கொட்டகை சிரித்தது. "அவ்ளோதானா நைனா? அவங்க ஒரு பஸ்ஸு நெறைய சொன்னாங்களே" என்றான் ஃபோர்க்லிப்ட்காரன். ஸ்டாப்பில் நிறுத்தாமல் போன பஸ்ஸைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள்.

பிறகு எனக்காக மெதுவாகச் சொன்னாள். சின்னச் சின்னதாக வெட்டி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. விட்ட இடத்தைச் சூளூர்பேட்டைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அப்படித்தான் இதைத் தமிழில் கொண்டுவந்தேன்:

"நான் ஒட்டற டப்பா மேல ஊர் பேரு எழுதிகிது. எந்த டப்பாவுக்கும் எங்க போவணும்னு தெரியும். என் மேல இன்னா எழுதிகிது? கம்பெனில என்னைப் பேரு சொல்லிக் கூப்புடறாங்க. ஊட்டுல 'இந்தா'ன்னு கூப்புடறாங்க. எட்டு மணி நேரம் எனக்குப் பேரு இருக்குது. அதைப் புடுங்காதீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்ததை அவள் வாசலைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கே புரிந்தது. மீசையும் தொந்தியுமாக நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்:

"நான் உங்க பொண்டாட்டி. என்னை வேலைலேந்து நிறுத்தாதீங்க."

ஸ்பீக்கரில் என் குரல் ரோடு வரைக்கும் போனது. வாசலில் ஹெல்மெட் திரும்பியது. அவள் அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள்.

பஸ்ஸர் அடித்தது.

நான் சொன்னபடி வீட்டுக்காரி யாரென்று பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது, அமுக்கிவிட்டாள். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. கம்பெனியில் டீ நேரத்துக்கு அடிக்கிற சத்தம் அது. மொத்தப் பேரும் எழுந்தார்கள். சத்தமில்லாமல் கடை முன்னால் வரிசை கட்டினார்கள். வராத செக்யூரிட்டி முதல் ஆளாக நின்றார். நானும் மைக்கோடு இரண்டு அடி நடந்துவிட்டேன், ஒயர் இழுத்த பிறகுதான் நின்றேன். கவிதை சொன்னவளும் வாயைப் பாதியில் மூடிக்கொண்டு வரிசைக்குப் போனாள். பழக்கம்.

ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு, சரியான நேரத்தில் கொட்டகையைக் காலி செய்துவிட்டேன். நாற்காலிகளோடு தனியாக நின்றேன்.

அப்புறம்தான் வரிசையைப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் ஒரு ஹெல்மெட். அவள் புருஷனும் மில்லுக்காரன். பஸ்ஸர் சத்தத்துக்கு அவனும் பைக்கை விட்டு இறங்கி வந்திருந்தான். திரும்பிப் பார்த்து, பின்னால் யார் என்று தெரிந்ததும், விலகப் பார்த்தான்.

"வரிசைய உடாத மாமா, அப்பால இடம் கெடைக்காது" என்றான் ஃபோர்க்லிப்ட்காரன்.

அவன் விலகவில்லை. அவள் அந்த முதுகைப் பார்த்து, இந்த முறை தமிழிலேயே பேசினாள்.

"மிச்சத்தையும் கேளுங்க."

"ஊட்டுல பேசிக்கலாம்."

"ஊட்டுல பேசினா டிவி சவுண்ட ஏத்தறீங்க."

வரிசையில் யாரோ இருமினார்கள். "ஹெல்மெட்ட கழட்டு மாமா, காதுல காத்து போவட்டும்" என்றான் ஃபோர்க்லிப்ட்காரன் மறுபடியும். அவன் முறைத்துக்கொண்டே கழற்றினான்.

"கொழந்தைய யாரு பாத்துக்கறது? அதுக்குச் சொல்லு பதிலு."

"நீங்க நைட் ஷிப்டு. பகல்ல ஊட்லதான இருக்கீங்க."

"நான் தூங்க வாணாமா?"

"கொழந்தையும் மத்தியானம் தூங்கும். அதோட தூங்குங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வரிசை மொத்தமும் அந்த வாயைப் பார்த்தது. டீ கிடைக்காமல் யாரும் நகரப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவள் தமிழில் தோற்காமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. நான் கொட்டகைக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"டீ வோணுமா, வாணாமா? பின்னால ஆளு நிக்குதுல்ல" என்றாள் என் வீட்டுக்காரி.

அவன் டீயை வாங்கிக் குடித்தான். பைக்கை எடுத்தான், அவள் ஏறி உட்கார்ந்தாள். போய்விட்டார்கள். சரி என்றானா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. மீதி நிகழ்ச்சி நடக்கவில்லை.

"நல்லாத்தான் நடத்தின, போ" என்றாள் வீட்டுக்காரி. அன்றைக்கு அவளுக்கு நல்ல வியாபாரம்.

திங்கட்கிழமை விடியும் முன்னால் வண்டியை எடுத்தேன். எளாவூர் ஸ்டாப்பில் இருட்டில் ஐந்தாறு பேர் நின்றார்கள். துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தார்கள், முகம் தெரியவில்லை. ஏறும்போது பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை. மீட்டரில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீசல் நிறைய இருந்தது.

கம்பெனி கேட்டில் டிரைவர் தலை எண்ணிச் சொல்ல வேண்டும். அவள் வேலையை விட்டு நின்றிருந்தால் இருபத்தொன்று. வண்டியை நிறுத்தி, லைட்டைப் போட்டு, பின்சீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

இருபத்திரண்டு.