மெயின் சுவிட்ச் எங்கே சார்?

2003 ஜூன் மாதம், எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் கரண்ட் அடித்து என் தம்பி தானியேல் இறந்துபோனான். காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனவள் நான்தான். ஈரத் தரையில் கிடந்தான். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்த அப்பா அவனைத் தூக்கப் பாய்ந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவரை இடுப்போடு பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு சாவு.

அதற்குப் பிறகு என்னால் ஒரு சுவிட்சைக்கூடத் தொட முடியவில்லை. மிக்ஸி ஓடினால் வாசலுக்குப் போய்விடுவேன். லைட்டை அம்மாதான் போட வேண்டும், அம்மாதான் அணைக்க வேண்டும். எங்கள் ஊர் சுருளிப்பட்டியில் சிலர் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுகூடப் பேசினார்கள். பிளஸ் டூ பரீட்சையும் எழுதவில்லை. உயிரோடு இருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் பார்த்துவிட்டு எங்கள் சபைப் போதகரின் மனைவி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள். தேனியில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது, படிப்பை விட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றார்கள். தையல் வகுப்பில் சேரலாம் என்று போனேன். தையலில் இடம் முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்கில் மட்டும்தான் இடம் இருந்தது. அந்த அறையைப் பார்த்ததுமே வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரெல்லாம் பிளக், தரையெல்லாம் ஒயர்.

"நான் வீட்டுக்குப் போறேம்மா" என்றேன்.

அம்மா என் கையை விடவில்லை. "எங்கன போனாலும் கரண்டு இருக்கும் எஸ்தரு. எத்தன வீட்டுக்குள்ள ஒளிவ?"

பாடம் நடத்திய முருகேசன் சாரிடம் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு நீல நிறக் கேபிளை என் முன்னால் வைத்தார். "இதுல ஆளை அடிக்கிற கரண்டு வராதும்மா. ஒரு கம்ப்யூட்டர் பேசுறத இன்னொண்ணுகிட்ட கொண்டுபோற ஒயரு, அவ்வளவுதான். தொட்டுப் பாரு."

தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு விரலால். ஆனால் தொட்டேன்.

அன்று முதல் தினமும் பஸ்ஸில் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும்." கம்பத்திலிருந்து தேனி போய்ச் சேரும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே போவேன். மாதங்கள் போயின. பயம் போகவில்லை. கேபிளின் எட்டு இழைகளை நிற வரிசையில் அடுக்கி முனையில் கிளிப் மாட்டக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் நான் மாட்டிய இணைப்புதான் முதல் தடவையிலேயே வேலை செய்யும். ஆனால் எந்த அறைக்குள் போனாலும் என் முதல் கேள்வி, "மெயின் சுவிட்ச் எங்க சார்?" அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் உட்காருவேன். கூடப் படித்தவர்கள் எனக்கு 'மெயின் அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். தேவன் என் ஜெபத்தைக் கேட்கவில்லை என்றே நினைத்தேன். சில நாள் அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.

2006 நவம்பரில் கடைசிப் பயிற்சி. கம்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் அறையையும் கம்ப்யூட்டர் அறையையும் இணைக்க வேண்டும். நல்ல மழைக்காலம். பழைய ஓட்டுக் கட்டடம், சுவர் ஓதம் ஏறியிருந்தது. வழக்கம்போலக் கேட்டேன். அங்கிருந்த வாட்ச்மேன் வராந்தாக் கோடியைக் காட்டினார். பீரோவுக்குப் பின்னால், பாதி மறைந்து, துருப்பிடித்த இரும்புப் பெட்டி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாண்டீஸ்வரி சிரித்தாள். "என்ன மெயின் அக்கா, தரிசனம் முடிஞ்சதா?"

பாண்டீஸ்வரி கூடலூர்க்காரி. அவளுடைய அம்மா தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். வகுப்பில் எனக்கு இருந்த ஒரே தோழி அவள்தான். அன்றைக்கு ஏணியில் ஏறி, சுவரோரமாகக் கேபிளை இழுத்துக்கொண்டிருந்தாள். சார் ஆபீஸ் அறையில் இருந்தார். நான் கீழே நின்று கேபிளை விட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே பிடிப்புக்காக ஓர் இரும்புக் குழாயைப் பிடித்தாள். உள்ளே பழைய ஒயர் ஓடும் குழாய் அது. திடீரென்று கேபிள் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு முழுக்க உதறியது. கை குழாயைவிட்டு வரவில்லை.

எங்களோடு படித்த சரவணன் அவள் காலைப் பிடிக்க ஓடினான்.

"தொடாத" என்று கத்தினேன். அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. "தொடாத சரவணா, நீயும் போயிருவ."

பிறகு ஓடினேன். வராந்தாவில் மழைத் தண்ணீர் வழுக்கியது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை நுழைத்தேன். பெட்டியின் பக்கத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி. என் வாழ்நாளில் நான் எதைத் தொடவே மாட்டேன் என்று இருந்தேனோ, அது. தாவணி முனையைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. துரு. மறுபடி இழுத்தேன். அசையவில்லை. உள்ளே பிள்ளைகள் அலறுவது கேட்டது. என் கண்முன்னால் தானியேல் கிடந்தான்.

"இயேசுவே, இவளை விட்டுரும். இவளையாவது விட்டுரும்."

இரண்டு கையாலும் தொங்கினேன். டக்கென்று கைப்பிடி கீழே வந்தது. கட்டடம் முழுக்க இருட்டிவிட்டது.

திரும்பி ஓடும்போது ஏணி சாயும் சத்தம். சரவணனும் இன்னொருவனும் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மூச்சு இல்லை. சார் அவளைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். முதலுதவி வகுப்பில் சுருட்டிய ஜமுக்காளத்தை வைத்து அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். நான் அவள் தலைமாட்டில் மண்டியிட்டு வாய்விட்டு ஜெபித்தேன். யார் என்ன நினைப்பார்கள் என்று தோன்றவில்லை. சார் முகத்திலிருந்து வியர்வை அவள்மேல் சொட்டியது. நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நிறுத்தவில்லை. கடைசியில் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கொர் சத்தம் வந்தது. பிறகு ஒரு மூச்சு.

ரோட்டில் போன ஜீப்பை மறித்து கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளை உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் அவள் அம்மா வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார், காலெல்லாம் சேறு.

"எம்மக கூட இருந்தது யாரு?"

"நாந்தாம்மா."

"டாக்டரு என்ன சொன்னாக?"

"பாத்துட்டு இருக்காகம்மா. விடிஞ்சாத்தான் சொல்ல முடியுமாம்."

என் கையில் பைபிள்கூட இல்லை. ஆனால் என் உதடு அசைவதை அவர் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒங்க சாமிகிட்டயா பேசுற? பேசு தாயி. எனக்கு வாயி வரல. எனக்கும் சேத்துப் பேசு."

பேசினேன்.

மறுநாள் காலை என்னை உள்ளே விட்டார்கள். பாண்டீஸ்வரியின் வலது கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கேபிள இழுத்து முடிச்சாச்சா?" நான் அழுதுவிட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். "மெயின் இருக்குற எடம் ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அவரே என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போதுதான் பதில் புரிந்தது. பயத்தை எடுத்துப்போடும் என்று ஒவ்வொரு நாளும் கெஞ்சினேன். அவர் எடுத்திருந்தால் அன்று காலை நான் மெயினைத் தேடிப் போயிருக்க மாட்டேன். என் ஜெபத்தை அவர் மறுக்கவில்லை. அந்தப் பயத்தைப் பாண்டீஸ்வரிக்காக விட்டுவைத்திருந்தார்.

அடுத்த வாரம் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கரண்ட் வேலையெல்லாம் சரிசெய்த பிறகு, மீதிக் கேபிளை நானே ஏணியில் ஏறி இழுத்தேன். வீட்டுக்கு வந்து, லைட்டை நானே போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது, 2010இல், தேனியில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இணைப்புகளையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். பாண்டீஸ்வரிக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை. பாண்டீஸ்வரியின் வலது கையில் விரல் இரண்டு இன்னும் முழுசாக மடங்காது. அந்தக் கையால்தான் பிள்ளைக்குத் தலை பின்னி விடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் ஆண்டவருக்கு மனசுக்குள் நன்றி சொல்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஜெபத்தை விட்டுவிட்டீர்களா? நானும் விடப் பார்த்தவள்தான். இன்று மறுபடி அவரிடம் போங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடேயே போங்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.