வெள்ளவத்தை விலாசம்

ஜெகதீஸ்வரியை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் "நல்ல மனுசி" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். நல்ல மனம் இருந்தால் போதும், மூளை வேண்டியதில்லை என்பதுபோல ஒரு தொனி அதில் இருக்கும். அவள் மூளைசாலிதான். பிழை நடந்ததும் அந்த மூளையால்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. நோயாளிகளைப் பதியும் மேசையில் அவள். எதிரே மருந்துக் கவுண்டரில் நான். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தவள், கணவன் செத்தபின் இந்தச் சம்பளத்தில் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தாள்.

இரண்டாயிரத்து ஆறில், சண்டை மறுபடி மூண்ட நேரத்தில், எங்களுக்கு அரசாங்கத்தின் ஒரு புதுத் திட்டம் வந்தது. நோயாளியின் விவரத்தை எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே முறையில் பதிய வேண்டும். அப்போதுதான் ஒரு கம்பியூட்டர் அனுப்புவது மற்றதுக்கு விளங்கும். பரீட்சார்த்தமாகச் சில ஆஸ்பத்திரிகளை இணைத்தார்கள், எங்களுடையதையும் சேர்த்து. பழக்கிவிட வந்தவர் மாளிகாவத்தை மஷூர்.

"பேஷண்ட்ட ஊர் விலாசத்த சரியாப் போடுங்க. அதப் பாத்துத்தான் ரிப்போர்ட் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்" என்றார்.

"வேற எங்கயெல்லாம் போகும், தம்பி?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"வேற எங்கயும் போகாது."

அவள் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? வடக்கு விலாசம் வைத்திருந்தவர்களை லொட்ஜுகளில் தட்டியெழுப்பி பொலிசுக்கு ஏற்றிக்கொண்டு போன காலம். அரசாங்கக் கம்பியூட்டருக்குப் போகும் விலாசம் பொலிசுக்குப் போகாது என்று சத்தியம் பண்ண யாராலும் முடியாது. ஆகவே வடக்கிலிருந்து யார் வந்தாலும், அவர்கள் தங்கியிருந்த லொட்ஜையே நிரந்தர விலாசமாக அடித்துவிட்டாள். "வெள்ளவத்தை எண்டு போட்டிருக்கிறன், பயப்பிடாதேங்கோ" என்று காதோடு சொல்லியும் அனுப்பினாள். கெட்டிக்காரி என்று நாங்களெல்லாம் மெச்சினோம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி நாகேஸ்வரி. கழுத்தில் கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வர நாளாகும், ஏதும் பிழையென்றால் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே அறிவித்தல் வரும் என்று டொக்டர் சொன்னார். அதற்குள் லொட்ஜில் பொலிஸ் செக்கிங் நடந்தது. பயந்துபோய் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய், உடனே வெட்டினால் சுகமாகும். அடித்திருந்த விலாசப்படி கம்பியூட்டர் அதைக் கொழும்பு கிளினிக் ஒன்றுக்கு அனுப்பியது. ஆள் வரவில்லையே என்று அங்கிருந்து எங்களுக்குப் போன் வந்தபோதுதான் ஜெகதீஸ்வரிக்கு உறைத்தது. வேலை நேரத்தில் வெளியே போகாதவள் அன்று லொட்ஜுக்கு ஓடினாள்.

"அந்தப் பிள்ளை அப்பவே ஊருக்குப் போட்டுது" என்றார் லொட்ஜ்காரர் இரத்தினசிங்கம். "ஊரை உங்களிட்டையெல்லோ சொல்லியிருக்கும்?"

சொல்லித்தான் இருந்தாள். வவுனியாவா, மன்னாரா? எத்தனையோ பேரின் ஊரை மாற்றி அடித்தவளுக்கு அது நினைவில் இல்லை. மஷூர் இரண்டு பக்கத்துக்கும் போன் எடுத்துப் பார்த்தார். லைன் கிடைத்த இடங்களிலும் அந்தப் பெயரில் யாரும் பதிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெகதீஸ்வரி மத்தியானச் சாப்பாட்டைத் திறப்பாள், மூடுவாள். "நான் அந்தப் பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டன்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். விசர்க்கதை கதைக்காதே என்று ஏசினேன்.

மாதங்கள் கழித்து நாகேஸ்வரி தானாகவே வந்தாள். கட்டி பெருத்திருந்தது, குரல் கரகரத்தது. டொக்டரின் அறையிலிருந்து வந்தவளின் முகம் வெளுத்திருந்தது. இனி வெட்டிப் பயனில்லையாம். நேரே பதிவு மேசைக்கு வந்தாள்.

"நான் ரெண்டு தரம் எங்கட ஆஸ்பத்திரியில போய்க் கேட்டனான், அக்கா. உங்கட பேரில ஒண்டும் வரேல்லை எண்டினம். அப்ப வருத்தம் இல்லையெண்டு சந்தோசப்பட்டனான். கோயிலில பொங்கினனாங்கள்."

ஜெகதீஸ்வரி எழுந்து நின்றாள்.

"அது வந்திருக்காது, பிள்ளை. வெள்ளவத்தை எண்டு நான் போட்டதால இங்கயே நிண்டிட்டுது. பிழை என்னில."

நாகேஸ்வரி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் வரிசையில் இருந்த ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"மற்ற ஆக்களுக்கும் இப்பிடித்தானோ போட்டனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அவையளும் என்னைப்போல சந்தோசமா இருப்பினம்."