நாலாவது டிராக்

இது பட்டப்பகலில் நடந்தது. கதை கட்டிவிடுகிறவர்கள் பேயை ராத்திரியில்தான் வரவழைப்பார்கள். அன்று இடியில்லை, மழையில்லை, கரண்ட் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், கிட்டார் வாத்தியார் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதையும் அவருடைய நண்பர் சொன்னதையும் தனித்தனியாகக் கேட்டாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை இடிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பழைய மெஷின். நாலு டிராக் கேசட் ரெக்கார்டர். சாதாரண கேசட்தான், ஆனால் அதில் நாலு தனி வரிசையாகப் பதியலாம். ஒன்றில் டிரம்ஸ், அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததில் கிட்டார், அதற்குமேல் பாட்டு. ஸ்டுடியோ வாசலைக்கூட மிதிக்க முடியாத பையன்களுக்கு அது சொர்க்கம். வாத்தியார் இருபத்திரண்டு வயதில் அதை வாங்கிக்கொண்டு வந்தபோது, மூன்று நாள் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவர்.

பரணிலிருந்து அதை இறக்கி, இற்றுப்போன ரப்பர் பெல்ட்டை மாற்றி ஓட வைத்ததும், முதல் வேலையாக டிரம்ஸ்கார நண்பருக்குத்தான் போன் செய்தார்.

"டேய், ஓடுதுடா!"

"அடப்பாவி. இன்னுமா அதை வச்சிருக்கே? ஞாபகம் இருக்கா, உங்கம்மா நடுவுல வந்து 'சாப்பிட வர்றீங்களா இல்லையா'ன்னு கத்தினது அப்படியே பதிவாயிடுச்சே."

"அந்தப் பாட்டுலயே சுருதியோட இருந்தது அது ஒண்ணுதான்."

"நான் பிஸ்கட் டப்பாவைத் தட்டினேன். தங்கச்சியைப் பீரோவுக்குள்ள உட்கார வச்சு..."

அங்கே நண்பர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வேறு பேச்சுக்குத் தாவினார். வாத்தியார் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

பீரோ என்றால் மரத்தாலான துணிப் பீரோ. தொங்குகிற துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால், பாடுகிறவரை மைக்கோடு உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பாட வேண்டியவன் அன்று வரவில்லை. வாத்தியாரின் பத்தொன்பது வயதுத் தங்கைதான் உள்ளே போனாள். அந்தப் பதிவை நாலு பேர் கேட்டார்கள், நாலு பேர் கூப்பிட்டார்கள், அவள் பாடகியாகிவிட்டாள். முப்பது வருடமாக மேடை, விளம்பரம், கோரஸ் என்று அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. புருஷன் விட்டுப்போன பிறகு, மகளைப் படிக்க வைத்ததும் அதுதான். மறுநாள் காலையிலும் அவளுக்கு ஒரு ரெக்கார்டிங் இருந்தது.

"அண்ணா, நான் கிழவி ஆகறதுக்குள்ளயாவது அதைப் போட்டுக் காட்டுவியா?" என்று பல வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். அவ்வளவுதான் அன்றைய வேலை.

கேசட்டைப் போட்டார். ஹெட்போனை மாட்டினார். முதல் டிராக்கில் தாளம், இரண்டாவதில் கிட்டார், மூன்றாவதில் தங்கை. நாலாவது காலி. கூடச் சேர்ந்து பாடும் இரண்டாம் குரலுக்காக விட்டு வைத்து, கடைசிவரை பதியாமலே போனது.

பாட்டு தொடங்கியது. தங்கையின் குரல் பச்சைத் தளிர் மாதிரி இருந்தது. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பார்த்தார். நாலு டிராக்குக்கும் நாலு சின்ன மீட்டர் உண்டு. நாலாவதின் முள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

மற்ற மூன்றின் சத்தத்தையும் குறைத்துவிட்டு, அதை மட்டும் ஏற்றிக் கேட்டார்.

இரைச்சல். பிறகு துணி உரசுகிற சத்தம். ஹேங்கர் ஒன்றோடொன்று மோதி... டிங். யாரோ மைக்குக்கு மிக அருகில், தன் முறைக்காகக் காத்திருப்பது போல.

'மைக்கை அணைக்காமல் விட்டிருப்போம்' என்று நினைத்துக்கொண்டார். இந்த வேலையில் எல்லோரும் செய்கிற தப்புதான். டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றி, மறுபடி போட்டார். மணி மூன்று.

இந்த முறை பாட்டின் முதல் அடி மூன்றாவது டிராக்கில் இல்லை.

நாலாவதில் இருந்தது.

அந்த நாளில் மூன்று டிராக்கும் நிறைந்துவிட்டால், மூன்றையும் சேர்த்து நாலாவதில் இறக்கிவிட்டுப் பழையதை அழிப்பார்கள். இறக்கினால் இறக்கியதுதான், திரும்ப எடுக்க முடியாது. இதுவும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பதிகிற பட்டன் எதுவும் அழுந்தியிருக்கவில்லை. யாரும் தவறி அழித்துவிடக்கூடாது என்று, அந்தக் கேசட்டின் பின்பக்கப் பல்லை அவரே அந்தக் காலத்தில் உடைத்து வைத்திருந்தார். பல் உடைந்த கேசட்டில் எந்த மெஷினும் பதியாது.

அதே குரல். அதே அடி. ஒரே ஒரு வித்தியாசம். நாலாவதில் பாடியது எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

தங்கைக்குப் போன் செய்தார். ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"என்னண்ணா?"

குரல் கரகரவென்று வந்தது.

"ஏன் இப்படிப் பேசறே?"

"தெரியலண்ணா. இப்பத்தான், பத்து நிமிஷமா. காலைல நல்லாத்தான் இருந்தேன். வெந்நீர் குடிச்சா சரியாயிடும்."

போனை வைத்தார். தற்செயல் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தற்செயல்தானா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. மறுபடியும் போட்டார். அதைத்தான் செய்திருக்கக்கூடாது.

முதல் சரணம் முழுக்க நாலாவதுக்குப் போய்விட்டது.

இப்போது தங்கையே கூப்பிட்டாள்.

"அண்ணா..." வெறும் காற்று. "குரலே வரலண்ணா... நாளைக்கு ரெக்கார்டிங்... எனக்குப் பயமா இருக்கு..."

"பேசாதே. ஒரு வார்த்தை பேசாதே. நான் பாத்துக்கறேன்."

என்னத்தைப் பார்ப்பது? டேப்பை நிறுத்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சரி, போட வேண்டாம். இனிமேல் இதைத் தொடவே வேண்டாம். மூன்றாவது டிராக்கில் கடைசிச் சரணம் மிச்சம் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். அது இருக்கும்வரை...

வெளியே ஆணி அடிக்கிற சத்தம் நின்றது.

மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து, மெல்லிசாக, பாட்டு வந்துகொண்டிருந்தது.

அவர் எதையும் அழுத்தவில்லை. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்டாப்பை அழுத்தினார். ஏற்கெனவே அழுந்தித்தான் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினார். மீட்டர் விளக்குகள் அணைந்தன. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்து கேசட்டை இழுத்தார். வரவில்லை. அதற்குமேல் இழுத்தால் டேப் சிக்கி அறுந்துவிடும். மூன்றாவது முள் தாழ்ந்தது. நாலாவது எழுந்தது. ஒரு அடி போயிற்று.

கத்தரிக்கோலை எடுத்துவந்தார்.

டேப் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. வெட்டிவிடலாம். ஒரு வெட்டு. ஆனால் வெட்டினால்? மிச்சம் இருக்கிற அவள் குரலையும் சேர்த்து வெட்டியதாகிவிட்டால்?

கத்தரிக்கோலை டேப்புக்கு நேராகப் பிடித்தபடி நின்றார்.

கை வரவில்லை.

இன்னொரு அடி போயிற்று.

"வேணாம்..." என்றார். யாரிடம் என்று தெரியாமல். "வேணாம். அவளுக்கு வேற ஒண்ணும் இல்ல. விட்டுடு..."

மூன்றாவது முள் கீழே படுத்தது.

டக்.

டேப் முடிந்தது.

போன் அடித்தது. தங்கை. எடுத்து, "சொல்லும்மா" என்றார்.

மூச்சு மட்டும் கேட்டது. அவசரமான மூச்சு. பிறகு நகத்தால் போனைத் தட்டுகிற சத்தம்.

டொக்... டொக்... டொக்...

நான் இருக்கிறேன் என்று சொல்கிறாள். சொல்ல அவளுக்கு வேறு வழி இல்லை.

வாத்தியார் போனைக் காதில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் கட்டி இல்லை, புண் இல்லை, குரல் நாண்கள் சுத்தமாக இருக்கின்றன என்றார்கள். மனசில் ஏதாவது அதிர்ச்சியா என்று கேட்டார்கள். அப்படி எதுவும் இல்லை என்றார் வாத்தியார். நடந்ததைச் சொன்னால் அவரையும் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

தங்கை மகளோடு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். நாலு மாதம் கழித்து டிரம்ஸ்கார நண்பர் பார்க்க வந்தார். வாத்தியார் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை நண்பர் தலை நிமிரவில்லை. தங்கை எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"டேய்," என்றார் நண்பர், "அன்னிக்கு அந்தப் பாட்டு பதிஞ்சப்போ, தங்கச்சி பீரோவுக்குள்ள இல்லடா."

"என்னடா உளர்றே?"

"உள்ள மூச்சு முட்டுதுன்னு எந்திரிச்சு வெளிய வந்துட்டா. எங்கூட வாசல்லதான் நின்னுட்டிருந்தா. நீ ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, தலையாட்டிட்டிருந்தே. நாங்க திரும்ப உள்ள வந்தா, மூணாவது முள்ளு ஆடிட்டிருக்கு. பீரோவுக்குள்ள பாட்டு கேக்குது. நான் நகரவே இல்ல. இவதான் போய்க் கதவைத் திறந்தா. உள்ள என்ன பாத்தான்னு கேட்டேன். சொல்லல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான்."

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அது இவ குரல்டா. என் கூடப் பொறந்தவ குரல் எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு முன்னாடி, அந்தக் குரல்ல இவ பாடி நீ கேட்டிருக்கியா?"

வாத்தியார் யோசித்தார். சின்ன வயது வீடு, பள்ளிக்கூட விழா, சமையலறை, மொட்டை மாடி... ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். எங்கேயும் அந்தக் குரல் இல்லை.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

நண்பர் சொன்னது பொய் என்று அவள் தலையாட்டவில்லை.