கண் அட்டையின் கடைசி வரி

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆங்கில எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக் கைலி, நரைத்த தாடி. உள்ளே வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டவர்.

நானாக யாரிடமும் பேசமாட்டேன். அவரே கேட்டார்.

“உங்களுக்கு என்னங்க?”

“கண்ணுக்குள்ள கொசு பறக்குற மாதிரி இருக்குங்க. வயசானா வருமாம். எதுக்கும் பாத்துடலாம்னாங்க.”

“உங்களுக்குக் கொசுவாவது காட்டிக்குடுத்துச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணுல பிரஷராம். ஓரத்துப் பார்வை போயிடுச்சு, இனி திரும்பாதாம்.”

துபாயில் டிரைவராக இருந்தாராம்.

“வேலைக்கான மெடிக்கல் டெஸ்டுக்குப் போறப்பல்லாம், கண்ணு பாக்குற அட்டையில இருக்குற எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுவேன். கடைசி வரி வரைக்கும் தப்பு வராது. ஆஸ்பத்திரின்னாலே இப்பவும் வாய் தானா சொல்லுது” என்று சிரித்தார்.

அப்போது நர்ஸ் வந்து, “பாய், இது குடும்பத்துல வரும். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து காட்டுங்க” என்றார்.

முணுமுணுப்பு நின்றது. கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்தார்.

“மகன் போன மாசம்தாங்க பிளேன் ஏறுனான். அவனும் டிரைவர் வேலைக்குத்தான். ‘கடைசி வரி மங்கலா இருக்கு, அத்தா’ன்னு என்கிட்ட சொன்னான். நான்தான் பக்கத்துல உட்கார வச்சு சொல்லிக்குடுத்தேன்.”

இன்றைக்கே போன் பண்ணி வரச்சொல்லுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். என் பேரைக் கூப்பிட்டதும் கையை உருவிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

எனக்கு ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். கொசு மட்டும் இன்னும் பறக்கிறது. பறக்கும்போதெல்லாம், அந்தப் பையனுக்குச் சொன்னாரா என்று நினைத்துக்கொள்கிறேன்.