மெரிலேண்ட்ஸ் சூக்கி

மெரிலேண்ட்ஸ் மீன்கடையில் ஆட்கள் நிற்கும் வரிசையைக் கண்டும் காணாதவர்போல் கடந்து, நேரே தராசடியில் போய் நிற்கிறார் மிருணாளினி அன்ரி. பின்னால் யாராவது செருமினால் திரும்பாமலே பதில் வரும்: "நான் இவவின்ர சூக்கி."

கடைக்காரி லூர்து பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். அவர்கள் பேச்சில் கடைக்காரருக்கு வேண்டப்பட்ட வாடிக்கையாளர்தான் சூக்கி. சூக்கிக்கென்று நல்ல மீன் உள்ளே ஒதுங்கியிருக்கும். குழம்புக்கு ஒரு தலை சும்மா விழும். பதிலுக்கு, சூக்கி வேறு மீன்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. "கலியாணத்தை விட இறுக்கமா இருக்கு" என்பார் கணவர் சிறிதரன். சொல்லிவிட்டுக் குசினியில் நிற்கமாட்டார்.

வேலை செய்யும் பரமட்டா அலுவலகத்தில் அன்ரியின் பெயரை முழுதாகச் சொல்ல இன்னும் ஒருவருக்கும் வாய் வளையவில்லை; 'மிரு' என்று பாதியில் வெட்டிவிடுகிறார்கள். கோயில் நிர்வாகத் தேர்தலிலும் தோற்றுப்போனார். அவுஸ்திரேலியா அவருக்குக் கொடுத்த ஒரே பட்டம் சூக்கி. அதை அவர் லேசில் விடுவாரா?

போன சனிக்கிழமை, எதிரே புதிதாகத் திறந்த கடையில் விளைமீன் பாதி விலை. சபலம் யாரை விட்டது! வாங்கி, இரண்டு பைகளில் சுற்றி, தோல் கைப்பைக்குள் திணித்தார். லூர்துவிடம் போகாமல் விட்டால் சந்தேகம் வருமே என்று அப்படியே அங்கும் வந்தார்.

"சூக்கி! டுடே லேட்!"

"ட்ராஃபிக்" என்றார் அன்ரி. வீட்டிலிருந்து நடந்தே வருபவர்.

பின்னால் நின்ற தமிழர் ஒருவர் உதவி செய்யும் நினைப்பில் உரக்கச் சொன்னார்: "அன்ரி, உங்கட ஹேண்ட்பேக் ஒழுகுது."

"அது தண்ணிப் போத்தல்."

வெள்ளைத் தரையில் விழுந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. லூர்து மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு எதிர்க்கடையைப் பார்த்தார். பட்டம் போயிற்று, இனி எல்லோரையும்போல வரிசையின் வாலில்தான் என்று நினைக்க அன்ரிக்கு அழுகையே வந்துவிட்டது.

லூர்து ஒதுக்கி வைத்திருந்த அறக்குளா மீனை நிறுத்தார். ஒரு தலையையும் சேர்த்துக் கட்டினார். பிறகு கை நிறைய ஐஸ் அள்ளி நீட்டினார்.

"வெரி ஹாட் டுடே, சூக்கி."

அன்ரி தலையைக் குனிந்துகொண்டு, கைப்பையின் வாயை இரண்டு கையாலும் அகலத் திறந்து பிடித்தார்.