கீழ்க் குமிழியைத் திறக்காத ஊர்

1. வேண்டாத தண்ணீர்

வயலுக்குத் தண்ணீர் வருகிறது என்று ஒரு ஊரே பதறியதை என் சர்வீஸில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். வரவில்லை என்று பதறிய ஊர்களுக்குக் கணக்கில்லை. அவர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கும் கணக்கில்லை.

எழுபதுகளின் கடைசி. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம். நான் ஏரிப் பராமரிப்பில் ஒர்க் இன்ஸ்பெக்டர். செந்துறைப் பக்கத்து ஊர் அது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். ஒரு மாசி மாதக் காலையில் ஆள் வந்து சொன்னான்: ஏரி மதகில் கீழ்க் குமிழியின் கட்டை உடைந்து தண்ணீர் தானாக ஓடுகிறது. ஜூனியர் இன்ஜினியர் ஜே.இ.யின் ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் குமிழி தெரியாது. ஏரிக்குள்ளே மதகின் தலையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று துளை இருக்கும். அதுதான் குமிழி. அதை அடைத்திருக்கும் கட்டையைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். மேல் குமிழிக்குக் கீழே நீர் இறங்கிய பிறகு மற்ற ஊர்களில் கீழ்க் குமிழியைத் திறப்பார்கள். இந்த ஊரில் பங்குனி, சித்திரை வரை அதைத் தொட மாட்டார்கள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் வக்கா என்கிற இராக்கொக்கும் குஞ்சு பொரித்திருக்கும். மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் நரியும் நாயும் அண்டாது.

"வயலுக்கு வயல் மொறை உண்டு. குருவிக்கு மட்டும் இல்லீங்களா சார்?" என்றார் கோவிந்தசாமி. ஊரில் தண்ணீர் முறையைக் கவனிப்பவர். மதகை ஒட்டிய முதல் வயலும் அவருடையதுதான்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொக்கைக் குழம்பு வைக்கும் ஊர்களையும் பார்த்தவன் நான்.

"யாரு மொதல்ல பார்த்தது?" என்று ஜே.இ. கேட்டார்.

"நான்தாங்க" என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். தங்கப்பொண்ணு. வாய்க்கால் முடியும் கடைமடையில் கொஞ்சம் நிலம், அதில் கடலை போட்டிருக்கிறாள். செடி வாடி நிற்கும் நேரத்தில், விடிந்து பார்த்தால் வரப்போரம் தண்ணீர் நுழைந்திருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று வாய்க்காலோடு நடந்து மதகு வரை வந்தவள், ஊரைக் கூட்டிவிட்டாள்.

"ஒன் கடலை நனையுற வரைக்குமாவது பேசாம இருந்திருக்கலாமேம்மா?" என்றேன்.

"இருந்திருக்கலாங்க. ஒரு தண்ணி கண்டா காய் புடிச்சிரும். ஆனா இப்ப எங்க மொறை இல்லீங்களே. மரத்துல வாயத் தொறந்துகிட்டு கெடக்குதுங்க. அதுங்க வந்து நியாயம் கேக்குமா?"



2. சம்மட்டி

ஜே.இ. விதிப்படி பேசினார். "ஏரி காலியாவட்டும்யா. காஞ்சப்புறம் கட்டையை மாத்திக்கலாம். தண்ணியோட எறங்குனா எவன் உசுருக்கு நான் பொறுப்பு?"

அவர் பயந்ததில் தப்பில்லை. திறந்த குமிழியின் இழுப்பில் கால் மாட்டினால் ஆள் மேலே வர முடியாது. வலை வீசும் மருதமுத்து வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, "நான் எறங்குறேன் சார்" என்று நின்றான்.

எனக்கு ஒன்று தோன்றியது. "சார், கரைக்கு வெளிப்பக்கம் மதகு வாயை அடைச்சுட்டா உள்ள தண்ணி நின்னுரும். இழுப்பு இருக்காது."

ஜே.இ. ஏரியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன் தலைதான்யா" என்றார். அதுதான் சாங்ஷன்.

மணல் மூட்டைக்கு முட்டுக்கொடுக்க மதகு வாய்க்கு முன்னால் மரமுளை இறக்க வேண்டும். என் ஆள் சம்மட்டியை ஓங்கி ஒரு அடி போட்டான். மரங்களிலிருந்து பறவைகள் மொத்தமாக எழும்பின. காத்திருந்த காக்காய்கள் கூட்டுக்குள் பாய்ந்தன. தங்கப்பொண்ணு ஓடிவந்து சம்மட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க அண்ணே! தாய் எழுந்துட்டா வெயில்ல குஞ்சு கருகிரும்!"

அப்புறம் நடந்த வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவர் முன்னும் பின்னும் ஆட்ட, இன்னொருவர் அடியில் தண்ணீர் ஊற்ற, களிமண்ணில் முளை தானாக இறங்கியது. ஊர்த் தெருவும் காலனித் தெருவும் ஒரே வரிசையில் நின்று மூட்டையைக் கை மாற்றின. அப்படி ஒரு வரிசையை அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் நீங்கள் பார்த்திருக்க முடியாது. பேச்சே கிடையாது, துண்டை ஆட்டினால் 'கொண்டா', இறக்கினால் 'நிறுத்து'. 'ஐலசா' போடாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்காத என் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தார்கள். ஜே.இ. ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

வெளி வாய் அடைபட்டு, குமிழியின் மேல் இருந்த சுழிப்பு நின்றது. மருதமுத்து புதுக் கட்டைக்கு வைக்கோல் பிரி சுற்றி, களிமண் அப்பிக்கொண்டு மூழ்கினான். அவன் தலை மேலே வரும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. வந்தான், சிரித்தான். யாரும் கை தட்டவில்லை. கரை முழுக்கத் துண்டுகள் மட்டும் ஆடின.

3. அடுத்த முறை

ஏரித் தண்ணீர் நின்றது. தங்கப்பொண்ணுவின் வயலுக்கு வந்த தண்ணீரும் அதோடு நின்றது. அடுத்த தடவை நான் போனபோது அவள் காய்ந்த கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "மாட்டுக்காச்சும் ஆவட்டும்" என்றாள். மூட்டை அடுக்க யோசனை சொன்ன எனக்கு இதற்கு ஒரு யோசனையும் வரவில்லை.

சித்திரையில் கடைசிக் குஞ்சும் பறந்தது. கீழ்க் குமிழியைத் திறக்கும் நாளில் நானும் இருந்தேன். எந்த ஏரியிலும் முதல் வயலுக்குத்தான் முதல் தண்ணீர். கடைமடைக்கு மிஞ்சினால் உண்டு. கோவிந்தசாமி மண்வெட்டியோடு இறங்கித் தன் வயல் மடையை மண் போட்டு அடைத்தார். அடுத்த வயலையும் அடைத்தார். அப்படியே வாய்க்காலோடு போய்க்கொண்டே இருந்தார். வயல்காரர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. தண்ணீர் நேராகக் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது.

"என்னங்க இது, மொறை மாறிப் போச்சு?" என்றாள் தங்கப்பொண்ணு.

"மாறல தாயீ. குருவிக்கு அடுத்த மொறை ஒன்னுது. போயி எள்ளு வெதை."

தங்கப்பொண்ணு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் இன்ஸ்பெக்டர் பார்வையோடு வாய்க்காலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

எஸ்டிமேட் போடப் போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஏரியில் யார் யாருக்கு முறை என்று ஊரில் கேளுங்கள். ஏரி பாயும் ஆயக்கட்டில் நிலம் இருப்பவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். வந்து கேட்க வாயில்லாதவர்களுக்கு அந்த ஊர் என்ன பங்கு வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் டேப்பைப் பிடியுங்கள்.